மரவேலை பழகத் தொடங்கியவருக்கு என்ன பரிசு வாங்கலாம்? தீபாவளி முதல் காவடி வரை, மொரீஷியஸ் வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் கைக்கு வந்த வாரத்தில், இந்தத் தீவின் இரும்புக்கடைகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. வாசலிலேயே துளையிடும் இயந்திரப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஐம்பது, நூறு துண்டுகள் அடங்கிய கருவித் தொகுப்பு ஒன்று பளபளக்கும் நெகிழிப் பெட்டிக்குள் கண்ணைப் பறிக்கும். வீட்டில் யாரோ மரவேலை பழகத் தொடங்கியிருக்கிறார் என்று தெரிந்தவர்கள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பணம் கட்டச் செல்வார்கள். நானும் சென்றிருக்கிறேன். என் தங்கை மகனுக்குப் பனானே (புத்தாண்டு) பரிசாக அப்படி ஒரு பெட்டியைக் கொடுத்தேன். காவடித் திருநாள் வருவதற்குள் அதிலிருந்த துளைமுனைகளில் பாதி மழுங்கிவிட்டன. மூன்று உளிகளும் பைன் மரத்தைச் செதுக்காமல் நசுக்கிக்கொண்டிருந்தன.

“மாமா, இந்த உளி சரியில்லை” என்றான் அவன். வாங்கி விரலால் தடவிப் பார்த்தேன். “உளியில் குறையில்லை தம்பி, அதற்கு யாரும் இன்னும் வாய் வைக்கவில்லை” என்று சொல்ல வேண்டியதாயிற்று. கடையிலிருந்து வரும் உளி பெரும்பாலும் கூர்தீட்டப்படாமல்தான் வருகிறது என்பதையும், அதைத் தீட்டுவதற்கான கல்லை நான் வாங்கித் தரவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து உணர்ந்தோம்.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு வெட்டும் கருவிகள் பெரும்பாலும் எப்படியாவது கிடைத்துவிடும். சரியாகக் குறிப்பதற்கும், அசையாமல் பிடித்துக்கொள்வதற்கும், கூர்தீட்டிக்கொள்வதற்கும் வேண்டியவைதாம் அவரிடம் இருக்காது. இம்மூன்றும் பார்வைக்கு எடுப்பாக இல்லாததால் பரிசு வாங்குபவர் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி அவற்றையே முன்னே வைத்து, இயந்திரங்களைக் கடைசிக்குத் தள்ளுகிறது.

முதற்படி: கடைக்குப் போகுமுன் அவர் செய்த பொருளைப் பாருங்கள்

பரிசு பெறப்போகிறவர் இதுவரை செய்த ஏதாவதொரு பொருளை, அது கோணலான அலமாரித் தட்டாக இருந்தாலும், கையில் எடுத்துப் பார்ப்பதே இதில் முதல் வேலை. இரண்டு பலகைகள் சேருமிடத்தில் ஒரு முனையில் இடைவெளியும் மறுமுனையில் இறுக்கமும் தெரிந்தால், அவருக்குக் குறை குறிப்பதில் இருக்கிறது. நல்ல மூலைமட்டம் வாங்கலாம். வெட்டிய விளிம்பு நசுங்கி, நார் நாராகப் பிய்ந்து நின்றால் கூர் போதவில்லை, சாணைக்கல் வாங்கலாம். அறுத்த கோடு பாம்புபோல் வளைந்து சென்றிருந்தால், பெரும்பாலும் அறுக்கும்போது பலகை ஆடியிருக்கிறது, பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வாங்கலாம். வெறும் உப்புத்தாளாலேயே மேற்பரப்பு முழுவதையும் தேய்த்திருக்கிறார் என்றால் அவருக்கு ஓர் இழைப்புளி தேவை. இந்தப் பார்வைக்கு ஐந்து நிமிடம் போதும். கேள்வி ஒன்றும் கேட்காமலேயே, பரிசின் வியப்பும் கெடாமல், தேவை தெரிந்துவிடும்.

அடுத்து இடம். காத்ர் போர்னிலோ ரோஸ் ஹில்லிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் வேலை செய்பவருக்கும், கிராமத்தில் வாகனக் கொட்டகை ஒன்றைப் பட்டறையாக மாற்றிக்கொண்டவருக்கும் ஒரே பரிசு பொருந்தாது. முன்னவருக்குச் சத்தமும் தூசியும் பகை; கைக்கருவிகளே உகந்தவை. பின்னவருக்கு இடம் உண்டு, ஆனால் கடலோரம் என்றால் உப்புக் காற்றும் உண்டு. அவர் செய்ய விரும்புவது என்ன என்பதையும் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்ளுங்கள். பூசையறைப் பீடம் செய்ய நினைப்பவரும், குழந்தைக்கு வண்டி செய்ய நினைப்பவரும், கூர்ப்பீப் பட்டறைகளின் புகழைக் கேட்டுக் கப்பல் மாதிரி செய்ய ஆசைப்படுபவரும் வேறு வேறு அளவுள்ள கருவிகளைத் தேடுவார்கள்.

இரண்டாம் படி: குறிக்கும் கருவிகள்

சிறிய தொகையில் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு, சரியாக 90 பாகை காட்டும் மூலைமட்டம். ‘சரியாக’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் வாங்கிய மூலைமட்டம் ஏறத்தாழ ஒரு பாகை தவறியிருந்தது. அது தெரியாமல் செய்த புத்தக அலமாரி, அடியில் மடித்த அட்டைத் துண்டோடுதான் இன்றும் நிற்கிறது. கடையிலேயே சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. நேரான விளிம்புள்ள ஒரு பலகைத் துண்டையோ தடித்த அட்டையையோ எடுத்து, அதன் விளிம்பில் மூலைமட்டத்தின் கட்டையை அழுத்தி ஒரு மெல்லிய கோடு வரையுங்கள். பின்பு மூலைமட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு வரையுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் கருவி நேர்மையானது. மேலே போகப்போக விரிந்தால், அந்த விரிவில் பாதியே கருவியின் பிழை. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த விலையிலும் வாங்காதீர்கள்.

சட்டத்தில் நகர்த்தி இறுக்கக்கூடிய எஃகு அளவுகோலும், 90, 45 என இரண்டு பாகைகளும் சேர்ந்த கூட்டு மூலைமட்டம், தொடக்கநிலையாளருக்குத் தனித்தனி மூன்று கருவிகளின் வேலையைச் செய்யும், 300 மி.மீ. அளவுள்ளது பொதுவான வேலைகளுக்குப் போதும், கப்பல் மாதிரி போன்ற சிறு வேலைக்கு 150 மி.மீ. அளவுள்ளது கைக்கு அடக்கம். அதனோடு, பென்சிலுக்குப் பதிலாக மரத்தின் மேல் நாரை அறுத்துக் கோடு போடும் ஒரு குறிக்கும் கத்தியைச் சேர்த்துவிட்டால் பரிசு முழுமையாகிவிடும். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு; கத்திக் கோட்டுக்கு அகலம் இல்லை என்பதோடு, உளியின் வாய் தானாகவே அந்தப் பள்ளத்தில் சென்று அமர்ந்துகொள்ளும். விளிம்புக்கு இணையாகக் கோடு போடும் வரைகருவியில், ஆணி முனை உள்ளதைவிடச் சிறு எஃகுச் சக்கரம் உள்ளது நாரைக் கிழிக்காமல் வெட்டும். எஃகு அளவுகோல் ஒன்றும், நல்ல பென்சில்கள் ஆறும் இத்தொகுப்போடு சேர்ந்தால் அழகு.

மூன்றாம் படி: சாணைக்கல்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால், இதை வாங்குங்கள். மரவேலையை விட்டுவிடுபவர்களில் பலர் கை வராததால் விடுவதில்லை. மழுங்கிய உளியோடு மல்லுக்கட்டிக் களைத்து விடுகிறார்கள். மழுங்கிய கருவிக்கு அதிக விசை வேண்டும், அதிக விசை கொடுக்கும் கை வழுக்கும். காயங்களுக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

வாங்கக்கூடியவை மூன்று வகை. ஒருபக்கம் 1000 எண்ணும் மறுபக்கம் 6000 எண்ணும் (எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும்) கொண்ட நீர்க்கல் வேகமாக வேலை செய்யும். ஆனால் நனைக்க வேண்டும், சேறு வழியும், நாளடைவில் நடுவில் குழி விழும். வைரத்துகள் பதித்த எஃகுத் தகடு விலை கூடுதல், ஆனால் குழி விழாது, சிறிது தண்ணீர் தெளித்தாலே போதும். பால்கனியில் வேலை செய்பவருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். மூன்றாவது, கையிருப்புக் குறைந்தவர்களுக்கானது: கண்ணாடிக் கடையில் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிப்புள்ள ஒரு துண்டுக் கண்ணாடியை விளிம்பு மழுக்கி வாங்கி, அதன்மேல் நீரில் நனைத்த கறுப்பு உப்புத்தாளை 400, 1000, 2000 என்ற வரிசையில் ஒட்டிப் பயன்படுத்துவது. முறையாகச் செய்தால் இதிலும் முகம் பார்க்கும் அளவுக்குக் கூர் வரும்.

கல்லோடு உளியைக் கோணம் மாறாமல் பிடிக்கும் சிறு உருளைச் சட்டம் ஒன்றையும் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள். இருபுறமும் திருகி இறுக்கும் சாதாரண வகைச் சட்டத்தில், உளியின் வாய் சட்டத்துக்கு முன்னால் 30 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் 30 பாகையும், 40 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் 25 பாகையும் கிடைக்கும். இழைப்புளி அலகுக்கு அதே பாகைகள் 38, 50 மி.மீ. நீட்டத்தில் வரும். பரிசு கொடுப்பவர் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம், ஒரு சிறு பலகைத் துண்டில் இந்த நான்கு அளவுகளுக்கும் தடுப்புக் கட்டை ஒட்டிக் கொடுப்பது. பெறுபவர் ஒவ்வொரு முறையும் அளவுகோலைத் தேட வேண்டியிராது.

தீட்டும் முறையை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். அது இப்படி இருக்கலாம். உளியின் தட்டையான முதுகை முதலில் 1000 கல்லில் கிடையாக வைத்து, வாயை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டர் பகுதி ஒரே நிறத்தில் மங்கலாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். புது உளிக்கு இது அரைமணி நேரம்கூட எடுக்கும், ஆனால் ஒரு முறை செய்தால் போதும். பின்பு சட்டத்தில் பூட்டி, 30 பாகையில் சரிவுப் பக்கத்தைத் தேய்க்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதைக் கண் சொல்லாது, விரல் சொல்லும்: முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கிக் கட்டைவிரலை மெல்ல வெளிப்பக்கமாக இழுத்தால், அகலம் முழுவதும் ஒரு நுண்ணிய பிசிறு தட்டுப்பட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் தட்டுப்பட்டால் இன்னும் தேய்க்க வேண்டும். பிசிறு முழுதும் வந்தபின் 6000 பக்கத்துக்கு மாறிப் பத்துப் பதினைந்து முறை இழுத்து, இறுதியில் முதுகைக் கல்லில் கிடையாக வைத்து இரண்டு முறை தேய்த்தால் பிசிறு உதிர்ந்துவிடும். சோதனைக்குப் பைன் பலகையின் வெட்டுமுனையை, அதாவது நாருக்குக் குறுக்கே அறுத்த பக்கத்தை, செதுக்கிப் பாருங்கள். அந்த இடம் மெழுகு பூசியதுபோல் மின்னினால் கூர் வந்துவிட்டது, வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் இன்னும் வரவில்லை.

நீர்க்கல்லை வாங்கினால், அதில் விழும் குழியைச் சமன் செய்யும் வழியையும் அதே தாளில் சேருங்கள்: கல்லின்மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய 220 எண் உப்புத்தாளில் தண்ணீர்விட்டுத் தேய்த்தால், எல்லாக் கோடுகளும் அழியும் தருணத்தில் கல் சமமாகியிருக்கும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டில் சாணைக்கல் வந்த சேதி பரவினால், அத்தைகளும் சித்திகளும் அடுப்படிக் கத்திகளையெல்லாம் பொதிந்து அனுப்பத் தொடங்குவார்கள்.

நான்காம் படி: பிடிப்பவை

நான்கு கிளாம்ப்கள், 300 மி.மீ. வரை திறப்பவை. இரண்டல்ல, நான்கு, ஏனென்றால் ஒரு சிறு பெட்டியை ஒட்டுவதற்கே நான்கு மூலையிலும் அழுத்தம் வேண்டியிருக்கும். வெள்ளை நிறப் பி.வி.ஏ. பசை கிளாம்பில் அரைமணி முதல் ஒருமணி நேரம் இருந்தால் போதும் என்றாலும், முழு வலு ஏற 24 மணி நேரம் ஆகும் என்பதால், நான்கு கிளாம்ப்கள் என்பது ஒரு நாளைக்கு ஒரு பெட்டி என்ற கணக்கு. பசைப் புட்டி ஒன்றையும் உடன் வையுங்கள். வெளியில் மழையில் நிற்கப்போகும் பொருளுக்கென்றால் நீர் தாங்கும் வகை.

பட்டறை மேசை உள்ளவருக்கு, மேசையில் பொருத்திப் பலகையைத் திருகி இறுக்கும் பிடிசிராவி மிகச் சிறந்த பரிசு. மேசையே இல்லாதவருக்கு அதைக் கொடுத்து அவரைத் தவிக்கவிடாதீர்கள். அவருக்கு நீங்களே கையால் செய்து தரக்கூடியது ஒன்று உண்டு: ஏறத்தாழ 250 மி.மீ. நீளமுள்ள பலகையின் மேற்புறத்தில் ஒரு முனையிலும், கீழ்ப்புறத்தில் எதிர்முனையிலும் ஒவ்வொரு கட்டை ஒட்டிய அறுப்புத் தாங்கி. கீழ்க்கட்டை சமையல் மேசையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மேற்கட்டை பலகையைத் தடுத்து நிறுத்தும். ஒரு மணி நேர வேலை இது. கடையில் வாங்கும் பலவற்றைவிட நாள்தோறும் பயன்படும்.

ஐந்தாம் படி: வெட்டுபவை

பன்னிரண்டு உளிகள் அடங்கிய தொகுப்பைவிட 6, 12, 25 மி.மீ. அகலமுள்ள மூன்று நல்ல உளிகள் மேல். அவற்றுக்கு இணையாக ஒரு கொட்டாப்புளி (மரச்சுத்தி) வேண்டும். இரும்புச் சுத்தியால் அடித்தால் உளியின் மரப்பிடி பிளந்துவிடும்.

வாள் விஷயத்தில், இழுக்கும்போது அறுக்கும் சப்பானிய வகையைத் தயங்காமல் வாங்கலாம். இழுவிசையில் அலகு வளையாது என்பதால் அதை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது. அறுப்பின் அகலம் ஏறத்தாழ ஒரு மி.மீ. அளவே இருக்கும், பழக்கமில்லாத கையும் கோட்டைவிட்டு அதிகம் விலகாது. ஒருபக்கம் நாருக்கு இணையாக அறுக்கும் பற்களும், மறுபக்கம் நாருக்குக் குறுக்கே அறுக்கும் பற்களும் கொண்ட 240 மி.மீ. அலகு இரண்டு வாள்களுக்குச் சமம். அதன் பற்கள் கடினப்படுத்தப்பட்டவை. நம்மூர்த் தச்சர் வழக்கம்போல் அரத்தால் அராவித் தீட்ட முடியாது. ஆகவே மாற்று அலகு ஒன்றைச் சேர்த்தே கொடுங்கள். பழைய பலகையில் ஒளிந்திருக்கும் ஓர் ஆணி பட்டால் பல் உடைந்துவிடும் என்பதையும் சொல்லிவைப்பது நல்லது.

இழைப்புளிகளில் ஏறத்தாழ 160 மி.மீ. நீளமுள்ள, ஒரு கையில் அடங்கும் சிற்றிழைப்புளியே தொடக்கத்துக்கு ஏற்றது. வெட்டுமுனையைச் சமன் செய்யவும், கூரான விளிம்புகளை மழுக்கவும் அது போதும். காவடி செய்ய விரும்பும் இளைஞருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தோன்றவில்லை. வளைவையும் மயிற்பீலியையும் பார்ப்பவர்கள் ஆயிரம் பேர். அடிப்பலகையின் கீழ் விளிம்பைத் தோளில் சுமப்பவர் ஒருவர்தான். அந்த விளிம்பு கூராக இருந்தால், வெயிலில் சில கிலோமீட்டர் நடந்து கோவில் மலையேறி முடிக்கும்போது தோள் சிவந்துவிடும். சிற்றிழைப்புளியால் 45 பாகையில் முதலில் ஒரு சரிவு, அதன் இருபக்க மூலைகளிலும் மேலும் இரண்டு சிறு சரிவுகள், பிறகு உப்புத்தாள் என்ற வரிசையில் சென்றால் பத்து நிமிடத்தில் அது உருண்டுவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1735-இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொன்னே போர்ட் லூயியைத் துறைமுக நகராகக் கட்டியெழுப்பியபோது, புதுச்சேரியிலிருந்து வரவழைக்கப்பட்ட தமிழ்க் கைவினைஞர்களின் உழைப்பும் அதில் சேர்ந்தது. அதற்குப் பின்னும் எத்தனையோ நம் குடும்பங்களில் மெனுய்ஸ்யே (தச்சர்) ஒருவர் இருந்திருக்கிறார். உங்கள் வீட்டுப் பின்கட்டிலோ பாட்டி வீட்டுப் பரணிலோ தாத்தாவின் இழைப்புளியும் உளியும் துருப்பிடித்துக் கிடக்கலாம். இரும்பு அலகை மட்டும் பிரித்தெடுத்து வெள்ளை வினிகரில் ஓரிரவு ஊறவைத்து, காலையில் இரும்புத் தும்பால் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து உலர்த்தி எண்ணெய் பூசினால் துரு கழன்று பழைய எஃகு வெளியே வரும். வாய்ப்பகுதியில் ஆழமான குழிகள் இல்லையென்றால் அதைத் தீட்டிப் பயன்படுத்தலாம். வாங்கிய எந்தக் கருவியும் அதற்கு ஈடாகாது. செலவு ஒரு புட்டி வினிகர்.

ஆறாம் படி: மரத்தையே பரிசாகக் கொடுப்பது

கருவி வாங்கத் தெரியாது என்று தயங்குபவர்கள் மரம் வாங்கலாம். பழகுபவர் நல்ல பலகையை வெட்டிப் பாழாக்க அஞ்சுவார். பரிசாக வந்த பலகை அந்த அச்சத்தைக் குறைக்கும். இழைத்துச் சமன் செய்த பைன் பலகைகள் நான்கைந்து போதும். முடிந்தால் அதனோடு வேறு ஒரு மரத்தில் ஒரு துண்டு: கர்ப்பூர மரம் மணம் வீசும், பூச்சியை விரட்டும் என்பதால் சிறு பெட்டிக்கு உகந்தது, பலா மரம் மஞ்சள் நிறத்தில் தொடங்கி நாளாக நாளாகப் பழுப்பேறும், தஞ்சாவூரில் வீணை செய்வது அதில்தான். கடற்கரையெங்கும் நிற்கும் ‘ஃபிலாவோ’ என்னும் சவுக்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கடினமானது, காயும்போது பிளக்கும், தொடக்கநிலையாளரின் பொறுமையைச் சோதிக்கும்.

வாங்கும்போது பலகையை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்து, முறுக்கோ வளைவோ இருந்தால் ஒதுக்குங்கள். தோட்டத்தில் அண்மையில் வெட்டிய மரத்தைத் தருபவர்களும் உண்டு, 25 மி.மீ. தடிப்புக்கு ஓராண்டு காற்றில் உலர வேண்டும் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு, ஆகவே அது அடுத்த ஆண்டுக்கான பரிசு. காசில்லாமல் கிடைக்கும், சரக்கு அடுக்கி ஏற்றப் பயன்படும் பலகைச் சட்டங்களை எடுத்தால் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்று குறிக்கப்பட்டது, மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கப்பட்டது, பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் அது மெத்தில் புரோமைடு நச்சுப்புகை இட்டது, தொடாதீர்கள்.

கருங்காலியும் ஈட்டியும் அழகுதாம். ஆனால் 1638-இல் இங்கே குடியேறிய ஒல்லாந்தர் 1710-இல் வெளியேறுவதற்குள் இந்தத் தீவின் கருங்காலிக் காடுகளில் வெட்டிச் சென்றது கொஞ்சமல்ல; மடகாசுகரின் கருங்காலியும் ஈட்டியும் 2013 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் இம்மரங்களை வாங்க வேண்டாம்.

ஏழாம் படி: உடம்பைக் காப்பவை

மரத்தூள் ‘இயற்கையானது’ என்பதால் தீங்கற்றது என்று பலர் நினைக்கிறார்கள். உலகச் சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. ஆகவே தூசியைத் தடுக்கும் எஃப்.எஃப்.பி.2 தர முகமூடிகள் ஒரு பெட்டி, கண்ணைக் காக்கும் கண்ணாடி ஒன்று, இயந்திரம் வைத்திருப்பவருக்குக் காது மூடி ஒன்று. இவற்றோடு ஒரு சோடி மூடிய காலணி என்றால் சிரிப்பார்கள். ஆனால் டிசம்பர் வெயிலில் இங்கே எல்லோரும் சவாத்துச் செருப்போடுதான் வேலை செய்கிறார்கள், மேசையிலிருந்து உருளும் உளியோ வாயை முன்னே வைத்தே விழுகிறது.

ஆளிவிதை எண்ணெய் போன்ற பூச்சு எதையாவது பரிசோடு சேர்த்தால், ஒன்றைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்: அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால், அது காயும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். துணியை விரித்து வெளியே கொடியில் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும்.

எட்டாம் படி: இயந்திரம் வேண்டுமென்றால்

குடும்பத்தில் பலர் சேர்ந்து பெரிய தொகை திரட்டினால், மின்கலத்தில் இயங்கும் 18 வோல்ட் துளை–திருகு இயந்திரம், இரண்டு மின்கலங்களோடு. அவரிடம் ஏற்கெனவே ஏதாவது நிறுவனத்தின் மின்கலம் இருந்தால் அதே நிறுவனத்தில் வாங்குங்கள். ஒரு நிறுவனத்தின் மின்கலம் இன்னொன்றில் பொருந்தாது. வெளிநாட்டு உறவினர் வாங்கி வருவதாக இருந்தால், நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவூட்டுங்கள்; அமெரிக்காவுக்கென்று செய்த 120 வோல்ட் மின்னேற்றியை இங்கே நேரடியாகச் செருகினால் புகைதான் வரும். ரெயூனியனிலிருந்து வருவதற்கு மின்னழுத்தம் பொருந்தும், செருகிதான் வேறு.

வட்டவாள், மரத்தில் பள்ளம் குடையும் ரூட்டர், மேசை வாள் மூன்றையும் வியப்புப் பரிசாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். பயன்படுத்தக் கற்றவரின் அருகில் நின்று பழகிய பிறகு, அவரே கேட்டு வாங்க வேண்டியவை அவை.

தொகைக்கேற்ற சேர்க்கை

கையில் இருப்பது சிறு தொகை என்றால், சோதித்து வாங்கிய மூலைமட்டமும் குறிக்கும் கத்தியும். சற்றுக் கூடுதலாக இருந்தால் சாணைக்கல்லும் உருளைச் சட்டமும் 12 மி.மீ. உளி ஒன்றும்; மூன்றும் ஒன்றையொன்று முழுமையாக்கும் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இதுதான். உடன்பிறந்தோர் சேர்ந்து கொடுப்பதென்றால் ஆளுக்கொன்றாக வாங்காமல் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் கிளாம்ப், ஒருவர் வாள், ஒருவர் பலகை. என் தங்கை வீட்டில் ஒரே தீபாவளிக்கு மூன்று சுத்தியல்கள் வந்து சேர்ந்த வரலாறு உண்டு.

ஒன்பதாம் படி: துருவிலிருந்து காத்துப் பொதிவது

தீபாவளியிலிருந்து காவடி வரையிலான காலம் இங்கே வெப்பமும் ஈரமும் கூடிக்கொண்டே போகும் காலம். நவம்பரிலேயே புயல் பருவமும் தொடங்கிவிடுகிறது. கூர்ப்பீப் பகுதியின் மேட்டுநிலத்தில் ஆண்டு முழுவதும் ஈரம், கடற்கரையில் உப்பு. முன்கூட்டியே வாங்கி அலமாரியில் ஒளித்துவைத்த எஃகுக் கருவி, நாள் வருவதற்குள் பழுப்புப் புள்ளிகளோடு வெளியே வரலாம். ஆகவே வாங்கிய அன்றே தையல் இயந்திர எண்ணெயில் தோய்த்துப் பிழிந்த துணியால் எஃகுப் பகுதி முழுவதையும் துடைத்து, விரல்ரேகை படாமல் துணியிலோ மெழுகுத்தாளிலோ சுற்றுங்கள். செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வேண்டாம். புதுக் காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளைச் சேர்த்து வைத்திருந்தால் இரண்டைப் பெட்டிக்குள் போடுங்கள். எண்ணெய்த் துணியை எறியாமல் ஒரு சிறு டப்பாவில் அடைத்து அதையும் பரிசோடு வைத்துவிடுங்கள்; வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் கருவியைத் துடைக்க அவருக்கு அது வேண்டும். இது தையல் எண்ணெயாக இருக்கும்வரைதான். ஆளிவிதை எண்ணெயை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கடை ரசீதையும் உள்ளே வையுங்கள், அளவு மாற்றிக்கொள்ள உதவும்.

உளியோ வாளோ கொடுக்கும்போது வீட்டுப் பெரியவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். கூர்ப்பொருளைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் வழக்கம். பிரெஞ்சு வழக்கமோ, கத்தியைப் பரிசாகப் பெற்றவர் ஒரு நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நட்பு அறுந்துவிடும் என்கிறது. எங்கள் வீட்டில் இரண்டும் நடக்கும். அடுத்த தீபாவளிக்குச் சாணைக்கல்லோடு புது உளி ஒன்றையும் மேசைமேல் வைத்தேன்; தங்கை மகன் அதை எடுத்துக்கொண்டு, என் முன்னே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தான். பிறகு உளியின் முதுகை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கல்லை நனைக்கத் தண்ணீர் எடுத்துவரப் போனான்.